மாடித் தோட்டத் தக்காளியில் அடி இலை மஞ்சள், கொழுந்து வெளுப்பு, காயில் கருமை: என்ன குறை?

கேள்வி – மதுரை மாடி

வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு பைகளில் பி.கே.எம் 1 ரகத் தக்காளி வைத்திருக்கிறேன். நாற்று நட்டு 55 நாள்கள் ஆகின்றன. செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து பைகளை நிரப்பினேன். ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறேன். காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும் உப்புத் தண்ணீர் அது.

முதல் நாற்பது நாள்கள் செடிகள் செழிப்பாக இருந்தன. இப்போது அடி இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. நான்கு செடிகளில் கொழுந்தும் எலுமிச்சை நிறத்துக்கு வெளுத்துவிட்டது. முதல் கொத்துக் காய்களின் அடிப்பாகம் கறுத்து, உள்வாங்கி, தோல்போலத் தடித்திருக்கிறது. வாரந்தோறும் வாழைத்தோல் ஊறவைத்த நீரும், இரண்டு முறை அடுப்புச் சாம்பலும், கால்சியத்துக்காக முட்டை ஓட்டுத் தூளும் கொடுத்துவிட்டேன். விதையிலிருந்து வளர்த்த செடிகள் என்பதால் விட மனம் வரவில்லை. இன்னும் எதைச் சேர்க்க வேண்டும் என்று தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 – செம்புலம்

வணக்கம் அம்மா. புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். வாழைத்தோல் நீரையும் சாம்பலையும் இன்றே நிறுத்திவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

சத்துக் குறைபாட்டைப் பார்க்கும்போது இலையின் நிறத்துக்கு முன்னால், அறிகுறி பழைய இலையில் தொடங்கியதா, புதிய இலையில் தொடங்கியதா என்பதைக் கவனிக்க வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. இவற்றில் ஒன்று போதாமல் போனால், செடி அதை அடி இலைகளிலிருந்து உறிஞ்சிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும்; அதனால் வாடுவது அடி இலை. இரும்பும் கால்சியமும் போய்ச் சேர்ந்த இடத்திலேயே தங்கிவிடுபவை. ஆகையால் அவை குறையும்போது கொழுந்தோ காயோதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

தழைச்சத்துக் குறைவில் அடி இலை நரம்போடு சேர்ந்து முழுவதும் வெளுக்கும். சாம்பல்சத்துக் குறைவில் இலையின் ஓரம் தீய்ந்ததுபோல் காயும். மணிச்சத்து குறைந்தால் இலையின் அடிப்புறமும் நரம்புகளும் கத்தரிப்பூ நிறம் கொள்ளும். நரம்பு பச்சையாகவே இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளாவது மெக்னீசியக் குறைவு. தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியம் மிகுதி. அதன்மேல் வாழைத்தோலும் சாம்பலும் சேர்ந்திருக்கின்றன. பொட்டாசியம் மிகும்போது வேர் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் எடுப்பது தடைப்படும். சத்து கொடுக்கும் எண்ணத்தில் செய்த காரியமே மற்றொரு சத்துக்கு வழியை அடைத்திருக்கிறது.

லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து, மாலையில் இலையின் இருபுறமும் நனையுமாறு பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். முற்றிலும் மஞ்சளான இலைகள் மீண்டும் பழைய பச்சைக்கு வருவது அரிது. மஞ்சள் மேல் இலைகளுக்கு ஏறாமல் நின்றதா என்பதைப் பார்த்தே பலனை முடிவு செய்ய வேண்டும்.

கொழுந்து வெளுத்தது இரும்புக் குறைபாடாக இருக்கலாம். செம்மண்ணின் நிறமே இரும்பினால் வந்தது. ஆனால் நீரில் சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் மிகுந்து மண் காரத்தன்மை அடைந்தால், அந்த இரும்பு கரையாமல் வேருக்கு எட்டாத பொருளாகிவிடும். சாம்பலும் காரமே. தக்காளிக்கு மண்ணின் அமில-கார அளவான பி.எச் 6.0 முதல் 6.8 வரை இருப்பது நல்லது. உங்கள் பை மண்ணை ஒருமுறை அளந்து பாருங்கள்.

உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பையும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலத்தையும் கரைத்து, சிறு தூரிகையால் வெளுத்த கொழுந்தின் ஒரேயொரு சிற்றிலையில் மட்டும் தடவி, அந்தக் காம்பில் நூல் கட்டி வையுங்கள். தடவிய இடம் பச்சையானால் குறை இரும்புதான்.

பதில் 2 – கீழ்வானம்

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். காயின் அடி கறுப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் முட்டை ஓட்டை நம்பி இரண்டு பருவங்களை இழந்தவன் நான்.

இதைப் பூமுனை அழுகல் என்பார்கள். பெயரில் அழுகல் இருந்தாலும் இது பூஞ்சை நோயன்று. கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே மேலேறும். இலைகள் நீராவியை ஏராளமாக வெளிவிடுவதால் நீரும் அதோடு வரும் கால்சியமும் இலைகளுக்கே போகின்றன. மிகக் குறைவாக ஆவியாக்கும் காய்க்கு எஞ்சியதுதான் கிடைக்கிறது. பை ஒரு நாள் நண்பகலில் காய்ந்து போனாலும், அப்போது வேகமாகப் பருத்துக்கொண்டிருந்த பிஞ்சின் நுனித் திசு இறந்துவிடக்கூடும். மண்ணில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் இது நேரும். கடின நீர் ஊற்றுகிறவருக்கு மண்ணில் கால்சியம் இல்லாமல் போக வாய்ப்பும் குறைவு. முட்டை ஓடோ கார மண்ணில் கரைவது மிக அரிது.

கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், அவை திருந்தா. காலையும் மாலையும் அளவாக நீர் ஊற்றி, இரண்டு அங்குலக் கனத்துக்குக் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போடுங்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டால் எப்போதும் ஈரம் தட்டுப்பட வேண்டும். வாய்ப்பிருந்தால் உச்சி வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். கால்சியம் நைட்ரேட் தெளிக்க விரும்பினால் எப்சம் உப்போடு ஒரே கரைசலில் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து ஜிப்சமாக அடியில் படிந்துவிடும்.

மதுரை மாடி (பன்னிரண்டு நாள்களுக்குப் பின்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மண்ணின் பி.எச் 8.1 என்று காட்டியது. நூல் கட்டிய சிற்றிலையில் தூரிகை பட்ட இடமெல்லாம் ஆறாம் நாள் பச்சையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. தூரிகை படாத ஓரம் வெளுப்பாகவே இருக்கிறது. மூடாக்குப் போட்டபின் பிடித்த பிஞ்சுகளில் இதுவரை கருமை இல்லை. ஒரே ஒரு செடியில் மட்டும் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு சிறுத்துவிட்டன. அதற்கும் இரும்பு கொடுக்கலாமா?

பதில் 3 – செம்புலம்

அந்தச் செடிக்கு எந்தச் சத்தும் வேண்டாம். இலை சிறுத்து, மேல்நோக்கிக் கிண்ணம்போல் குவிந்து, ஓரம் மஞ்சளாகி, செடி வளராமல் நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரஸாகவே இருக்கும். செடியை மெல்ல அசைத்து, அடிப்புறத்திலிருந்து வெண்ணிறப் பூச்சிகள் பறக்கின்றனவா என்று பாருங்கள். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. செடியின்மேல் ஒரு நெகிழிப் பையை உறைபோல் மூடி, வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மற்ற பைகளுக்கு நடுவே மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட்டு, இலைகளின் அடியில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

மீதமுள்ள வெளுத்த செடிகளுக்கு அன்னபேதிக் கரைசலைப் பத்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். மண்ணில் இடுவதாக இருந்தால் இ.டி.டி.எச்.ஏ (EDDHA) வகை இரும்பை வாங்குங்கள்; இரும்பு மண்ணில் கரையாப் பொருளாகாமல் பிடித்து வைக்கும் சேர்மம் அது. மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ (EDTA) வகை 8.1 பி.எச்சில் நிலைக்காது. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் வாரம் இருமுறை அதை ஊற்றுங்கள். அடுத்த பருவத்துக்கு நார்க்கழிவைச் சேர்க்கும் முன் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி, மிகுதியான பொட்டாசியம் வெளியேறக் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் வடித்துவிட்டுக் கலந்துகொள்ளுங்கள்.