டவர் ஏறும் தம்பிக்கு இடுப்பு பெல்ட் போதுமா?

கேள்வி – ஒயிட்ஃபீல்ட் வாசி
பெங்களூருவில் அலைபேசி டவர் பராமரிப்பு வேலையில் என் தம்பி சேர்ந்து 3 மாதங்கள் ஆகின்றன. ஒப்பந்ததாரர் கொடுத்திருப்பது இடுப்பு பெல்ட்டும் ஒற்றைக் கயிறும்தான். மேலே போய்ச் சேர்ந்த பிறகு கொக்கியை மாட்டினால் போதும், ஏறும்போது தேவையில்லை என்கிறாராம். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. இது முறைதானா?

பதில் – பழைய ரிக்கர்
முறையன்று. 40 மீட்டர் ஏறும்போது கை வழுக்கினால், மேலே மாட்டவிருந்த கொக்கியால் என்ன பயன்? இரட்டைக் கொக்கிக் கயிறு வேண்டும். ஒன்றை மாட்டிய பிறகே மற்றொன்றைக் கழற்ற வேண்டும். நேரம் பிடிக்கும் என்று மேற்பார்வையாளர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். இடுப்பு பெல்ட்டில் விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். அதனால்தான் விழுபவரைத் தாங்க அதைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998-இலேயே தடை செய்தது. தொடை, தோள் எல்லாவற்றிலும் விசையைப் பரப்பும் முழு உடல் ஹார்னஸைக் கேளுங்கள், அதில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் – சேஃப்டி ஆபீசர், பீன்யா
ஹார்னஸ் இருந்தாலும் கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பதே பெரிய கேள்வி. காலடியில் மாட்டினால், 1.8 மீட்டர் கயிறு இறுகுவதற்குள் ஏறக்குறைய அதைப் போல் இரு மடங்கு தூரம் விழுந்திருப்போம். தலைக்கு மேலே மாட்டினால் அந்தத் தூரம் மிகவும் குறையும். விழும் அதிர்ச்சியைக் குறைக்கக் கயிற்றோடு இணைத்திருக்கும் அதிர்வு தாங்கியும் பிரிந்து ஒரு மீட்டர் அளவுக்கு நீளக்கூடும் என்பதால், தொங்கும் உடலின் நீளத்தையும் சேர்த்தால் கீழே 5 முதல் 6 மீட்டர் வரை வெற்றிடம் தேவைப்படும். நம் ஊர் மொட்டைமாடிக் கம்பங்களில் அவ்வளவு இடம் பெரும்பாலும் கிடைக்காது. உயரம் குறைவு என்று அவற்றை எளிதாக எண்ணிவிடுகிறோம்.

பதில் – செவிலியர், ஜெயநகர்
ஒன்றை விட்டுவிட்டீர்கள், ஐயா. ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தீயணைப்பு வண்டி வரும் வரை காத்திருப்பது திட்டமாகாது; இறக்கத் தெரிந்த ஒருவர் உபகரணத்தோடு கீழேயே இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. தம்பி கேட்டதற்கு, கிடங்கில் கிடக்கும் பழைய ஹார்னஸைத் தருவதாகச் சொன்னார்களாம். வாங்கிக்கொள்ளலாமா?

பழைய ரிக்கர்
தையலையும் அதிர்வு தாங்கியின் உறையையும் பாருங்கள். ஒரு முறை விழுந்தவரைத் தாங்கியது என்று தெரிந்தால் வாங்க வேண்டாம். புதியதைத் தரும் வரை ஏறவும் வேண்டாம்.