லாவண்டர் என்று வாங்கிய கொச்சின் பேண்டம் ஜோடிக்குக் கறுப்புக் குஞ்சும் வெள்ளைக் குஞ்சும் இறங்குவது ஏன்?

தோட்டத்துக்கூண்டு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு கொச்சின் பேண்டம் (குட்டை வகை அலங்காரக் கோழி) ஜோடி வாங்கினேன். சேவல், பெட்டை இரண்டும் சாம்பல் நிறம். இவை லாவண்டர் என்றும், இதே நிறத்தில்தான் குஞ்சு இறங்கும் என்றும் விற்றவர் உறுதி கூறி, கறுப்பு ஜோடிக்குக் கேட்டதைப் போல் இரு மடங்கு விலை பெற்றுக்கொண்டார்.

முதல் அடையில் 9 முட்டை வைத்து, ஒன்று கூமுட்டையாகப் போக, 8 குஞ்சுகள் பொரிந்தன. அவற்றில் கறுப்பு 3, சாம்பல் 4, சாம்பல் புள்ளி தெறித்த அழுக்கு வெள்ளை 1. இரண்டாவது அடையில் 7 குஞ்சுகள்: கறுப்பு 2, சாம்பல் 3, வெள்ளை 2. கறுப்புக் குஞ்சுகளுக்கு வயிற்றிலும் இறக்கை நுனியிலும் வெண்மை இருப்பதால் அவையும் கலப்போ என்று ஐயமாக இருக்கிறது.

விற்றவரிடம் கேட்டதற்கு, முன்னோர் இரத்தம் எட்டிப் பார்க்கிறது, கறுப்பையும் வெள்ளையையும் கழித்துவிட்டுச் சாம்பலை மட்டும் சேர்த்து வந்தால் இரண்டு தலைமுறையில் சரியாகிவிடும் என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரரோ, தம்முடைய கறுப்புச் சேவல் வேலி தாண்டி வந்து போனதன் விளைவு இது என்று சிரிக்கிறார். இருவரில் யார் சொல்வது உண்மை? சாம்பல் குஞ்சுகள் மட்டுமே கிடைக்க நான் எதனுடன் எதைச் சேர்க்க வேண்டும்? வேறோர் இடத்தில் வாங்கிய தூய வெள்ளை பேண்டம் பெட்டை ஒன்றும் என்னிடம் உள்ளது. அதைச் சாம்பல் சேவலுடன் விட்டால் பயன் உண்டா?

அடைக்கூடை:

வணக்கம் ஐயா. உங்கள் ஜோடி லாவண்டர் அன்று. கோழி வளர்ப்போர் ‘புளூ’ என்று அழைக்கும் நிறம் அது. கண்ணுக்கு இரண்டும் சாம்பலாகத் தெரிந்தாலும், மரபில் இவை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரு வேறு மரபணுக்களின் வேலை.

பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலில் அந்திமந்தாரைப் பூவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தால் இளஞ்சிவப்பு வரும். அந்த இளஞ்சிவப்பைத் தமக்குள் கலந்தால் சிவப்பு ஒரு பங்கு, இளஞ்சிவப்பு இரண்டு பங்கு, வெள்ளை ஒரு பங்கு என்று பிரியும். முழுமையற்ற ஓங்குதன்மை என்று பாடநூல் கூறும் அதே கணக்குத்தான் உங்கள் கூண்டில் நடந்திருக்கிறது. புளூ மரபணு இல்லாத கோழி கறுப்பு. தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்ற கோழி சாம்பல். இருவரிடமிருந்தும் பெற்றது, ‘ஸ்பிளாஷ்’ எனப்படும் புள்ளி தெறித்த வெள்ளை. ஆகவே சாம்பல் என்பது எக்காலத்திலும் ஒரு பங்கு மட்டுமே பெற்ற நடுநிலை. இரண்டு சாம்பல் கோழிகளைச் சேர்த்தால் நூற்றுக்கு 25 கறுப்பு, 50 சாம்பல், 25 ஸ்பிளாஷ் எதிர்பார்க்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்த 15 குஞ்சுகளில் கறுப்பு 5, சாம்பல் 7, வெள்ளை 3. இதைவிட நெருக்கமாக அமைவது அரிது.

விற்றவர் கூறிய யோசனை இரண்டு தலைமுறை அல்ல, இருநூறு தலைமுறை ஆனாலும் பலிக்காது. ஸ்பெயின் நாட்டு வழிவந்த ஆண்டலூசியன் கோழியை வளர்த்தவர்கள் கறுப்பையும் வெள்ளையையும் விடாமல் கழித்துப் பார்த்தும் அவை திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருந்தன. மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-இல் கோழிக் கொண்டையின் வடிவத்தைக் கொண்டு காட்டிய ஆங்கிலேய மரபியல் அறிஞர் பேட்சன், அடுத்த சில ஆண்டுகளில் சக ஆய்வாளர் பன்னெட்டுடன் சேர்ந்து இந்த ஆண்டலூசியன் சிக்கலையும் அவிழ்த்தார். அவர்கள் கண்ட விடை வளர்ப்போருக்கு எரிச்சலூட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்: தூய இனம் என்று போற்றிய சாம்பல்தான் கலப்பு, குப்பை என்று ஒதுக்கிய கறுப்பும் வெள்ளையும்தான் தூயவை.

சாம்பல் மட்டுமே வேண்டுமென்றால் சாம்பலைச் சேர்க்காதீர்கள். கறுப்புடன் ஸ்பிளாஷைச் சேருங்கள். குஞ்சுகள் அனைத்தும் சாம்பலாகவே இறங்கும், ஏனெனில் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஸ்பிளாஷ் பெற்றோரிடமிருந்து ஒரு பங்கு கட்டாயம் வரும், கறுப்புப் பெற்றோரிடமிருந்து எதுவும் வராது. சாம்பலுடன் கறுப்பைச் சேர்த்தால் பாதி கறுப்பு, பாதி சாம்பல். சாம்பலுடன் ஸ்பிளாஷைச் சேர்த்தால் பாதி சாம்பல், பாதி ஸ்பிளாஷ். இந்த மரபணு ஆண், பெண் என்பதை முடிவு செய்யும் குரோமோசோமில் இல்லாததால் சேவல் எந்த நிறம், பெட்டை எந்த நிறம் என்பதில் வேறுபாடு இல்லை.

லாவண்டர் இதற்கு மாறானது. அது ஒடுங்கு பண்பு. இரு பங்கு சேர்ந்தால்தான் வெளியே தெரியும், தெரிந்துவிட்டால் லாவண்டருக்கு லாவண்டரே பிறக்கும். நிறமித் துகள்களை நிறமிச் செல்லுக்குள் ஏற்றிச் செல்லும் மெலனோபிலின் என்னும் புரதத்தில் ஏற்பட்ட கோளாறு அதன் காரணம். நிறமி குறைவதில்லை; இறகுக்குச் சீராகப் போய்ச் சேர்வதில்லை. தெருவில் திரியும் சாம்பல் நிறப் பூனைக்கும் அதே புரதத்தில்தான் பழுது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். பார்வையால் பிரித்தறியவும் வழி உண்டு. புளூ சேவலின் கழுத்தும் முதுகும் மார்பைவிட நன்றாகக் கறுத்திருக்கும், இறகுகளின் ஓரத்தில் கருங்கோடு தெரியும். லாவண்டரில் சேவலும் பெட்டையும் தலை முதல் வால் வரை ஒரே சீரான வெளிறிய நிறமாக இருக்கும். மேலும், புளூ கறுப்பு நிறமியை மட்டுமே வெளிறச் செய்யும், சிவப்பைத் தொடாது. லாவண்டர் இரண்டையும் வெளிறச் செய்வதால், சிவப்பு இருந்த இடம் வைக்கோல் நிறமாகிவிடும்.

கறுப்புக் குஞ்சின் வயிற்று வெண்மைக்காகக் கவலைப்பட வேண்டாம். முழுக் கறுப்பு இனங்களின் குஞ்சுகள் பலவும் அப்படித்தான் பொரிக்கும். இறகு மாறியதும் கறுத்துவிடும்.

மரபணுமாணவி:

அடைக்கூடை ஐயா கூறியதில் ஒன்றை மட்டும் சற்றே திருத்த விரும்புகிறேன். 15 குஞ்சுகளின் எண்ணிக்கை விகிதத்துக்கு நெருக்கமாக அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். சிறிய அடைகளில் விகிதத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. இரண்டு சாம்பல் கோழிகளைச் சேர்த்து 8 குஞ்சுகள் எடுத்தால், அவற்றில் ஒரு ஸ்பிளாஷ்கூட இல்லாமல் போவதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பத்துப் பேர் அடை வைத்தால் அவர்களுள் ஒருவர், கணக்கு பொய் என்று இங்கு வந்து எழுதுவார்.

எனவே எண்ணிக்கையை விடுத்து, எந்த நிறம் தோன்றியது என்பதைப் பாருங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதைச் சோதிக்க அந்த மூன்று வெள்ளைக் குஞ்சுகளே போதும். பெட்டை உண்மையில் லாவண்டராக இருந்து, அவருடைய கறுப்புச் சேவலும் வந்து போயிருந்தால், குஞ்சுகளில் கறுப்பும் லாவண்டரும் கிடைத்திருக்கும், ஸ்பிளாஷ் கிடைத்திருக்காது. பெட்டை புளூவாக இருந்து தந்தை முழுக்க அந்தக் கறுப்புச் சேவலே என்றாலும், கறுப்பும் சாம்பலும் மட்டுமே பிறக்கும். ஸ்பிளாஷ் பிறக்க இரு பெற்றோரிடமிருந்தும் ஒவ்வொரு பங்கு வந்தாக வேண்டும். ஆகவே அந்த மூன்றின் தந்தை உங்கள் சேவலே என்பதும், ஜோடி இரண்டும் புளூ என்பதும் உறுதியாகின்றன.

ஆனால் ஐந்து கறுப்புக் குஞ்சுகளைப் பற்றி அந்த உறுதி இல்லை. அவற்றுள் ஒன்றிரண்டு வேலி தாண்டி வந்தவருடையதாக இருக்கலாம். பெட்டைக் கோழியின் கருமுட்டைக் குழாயில் விந்தணுவைச் சேமிக்கும் நுண்குழல்கள் உள்ளன. ஒருமுறை சேர்ந்த சேவலின் விந்தணு இரண்டு வாரத்துக்கு மேலும் அங்கு உயிரோடிருந்து முட்டைகளைக் கருவுறச் செய்யும். சேவலை மாற்றுவோர் இதை மறந்துவிட்டு, மறு வாரமே முட்டை சேர்க்கத் தொடங்குவதுதான் நிறக் கணக்குகள் குழம்புவதற்குப் பெரும் காரணம். பெட்டையைத் தனியே அடைத்து மூன்று வாரமாவது கழிந்த பின் இடும் முட்டைகளையே அடைக்கு எடுங்கள். அந்தக் கறுப்புக் குஞ்சுகளில் யாருக்காவது கால் இறகு குறைவாக இருந்தால் அதன் தந்தை யார் என்பதையும் ஐயுறலாம். கொச்சினுக்குக் கால் விரல் வரை இறகு இறங்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துச் சேவல் வெறுங்காலா என்று பாருங்கள்.

தோட்டத்துக்கூண்டு:

மிக்க நன்றி. வேலி தாண்டி வந்தது வெறுங்கால் நாட்டுச் சேவல்தான். கறுப்பில் ஒரு குஞ்சுக்கு மட்டும் காலில் இறகு மிகக் குறைவாக இருப்பதை இன்று காலைதான் கவனித்தேன். அதைத் தனியே பிரித்துவிட்டேன். சேவலின் கழுத்தும் முதுகும் அடர்ந்தே இருக்கின்றன, ஆகவே லாவண்டர் விலை கொடுத்துப் புளூ வாங்கியிருக்கிறேன். போகட்டும். வெள்ளைப் பெட்டையைப் பற்றி யாரேனும் கூற முடியுமா?

பழையசேவல்:

தம்பி, வெள்ளைப் பெட்டையைச் சாம்பல் சேவலுடன் விடாதீர்கள். வெள்ளை என்பது ஒரு திரை. திரைக்குப் பின்னால் கறுப்பு இருக்கலாம், செவலை இருக்கலாம், வரிக்கோழி இருக்கலாம். விலக்கிப் பார்க்காமல் உள்ளே இருப்பது தெரியாது. அந்தத் திரையிலும் இரு வகை உண்டு. லெகார்ன் கோழியின் வெள்ளை ஓங்கு பண்பு, ஒரு பங்கு இருந்தாலே கறுப்பை மறைத்துவிடும். சில்கி கோழியின் வெள்ளை ஒடுங்கு பண்பு, இரு பங்கு சேர்ந்தால்தான் தெரியும். உங்கள் ஸ்பிளாஷ் குஞ்சுகள் இவ்விரண்டிலும் சேராதவை என்பதால், மூன்று வகை வெள்ளை ஒரே கூண்டில் கலந்துவிட்டால் பிறகு யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

சோதனைக்கு ஏற்ற துணை கறுப்புச் சேவல். உங்கள் ஜோடிக்குப் பிறந்த, கால் இறகு நிறைந்த கறுப்புச் சேவற்குஞ்சு ஒன்று வளர்ந்ததும் அந்த வெள்ளையுடன் விட்டுப் பாருங்கள். ஆங்காங்கே கரும்பொட்டு விழுந்த வெள்ளைக் குஞ்சுகள் வந்தால் பெட்டையின் வெள்ளை ஓங்கு வகை. குஞ்சுகள் அனைத்தும் நிறத்துடன் வந்தால் அது ஒடுங்கு வகை, திரைக்குப் பின்னிருந்ததும் வெளிப்பட்டுவிடும். ஒருவேளை அந்தக் குஞ்சுகளில் சேவல்கள் மட்டும் உடலெங்கும் வெள்ளை வரியோடும், பெட்டைகள் வரியில்லாமலும் இருந்தால் வியப்படைய வேண்டாம். வரி மரபணு இசட் குரோமோசோமில் இருப்பது. கோழியினத்தில் சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒன்றே. தாய் தன் ஒற்றை இசட்டை மகனுக்குத்தான் கொடுப்பாள், மகளுக்கு அல்ல. மனிதருக்கு நேர்மாறான ஏற்பாடு இது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

இனி உங்கள் முதன்மைத் திட்டத்துக்கு வருகிறேன். கறுப்பையும் ஸ்பிளாஷையும் சேர்க்கும் யோசனை சரியே, ஆயினும் உங்களிடமுள்ளவை எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவற்றையே ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போனால் நிறம் நன்றாக வரும், குஞ்சு நன்றாக வராது. கருவிலேயே சாவதும் முட்டை கருவுறாமல் போவதும் கூடும். ஸ்பிளாஷ் சேவலை வைத்துக்கொண்டு, வேறு வளர்ப்பாளரிடமிருந்து பச்சைப் பளபளப்புள்ள நல்ல கறுப்பு கொச்சின் பேண்டம் பெட்டைகள் இரண்டை வாங்குங்கள். வாங்கும்போது அவரிடம் லாவண்டர் கோழிகள் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். லாவண்டருக்கும் கறுப்புக்கும் பிறந்தது பார்வைக்கு முழுக் கறுப்பாக இருக்கும், உள்ளே ஒரு பங்கு லாவண்டரைச் சுமந்திருக்கும். புளூ ஜோடிக்குப் பிறந்த கறுப்பு அப்படி அன்று. அதில் புளூ மறைந்திருக்க இடமே இல்லை. பார்வைக்கு ஒன்றாயிருக்கும் இரண்டு கறுப்புகளில் ஒன்று வெறுங்கை, மற்றொன்று மடியில் கனம். அந்தச் சுமை உங்கள் புளூ வழியில் ஏறிவிட்டால், பேரப்பிள்ளைகள் காலத்தில் எதிர்பாராத ஒரு சாம்பல் தோன்றி எல்லாவற்றையும் குழப்பும்.

ஐயம் இருந்தால் அந்தக் கறுப்புப் பெட்டையை ஒரு லாவண்டர் சேவலுடன் சேர்த்துச் சோதிக்கலாம். ஒரு லாவண்டர் குஞ்சு வந்தாலும் சுமை உறுதி. தொடர்ந்து 7 குஞ்சுகள் கறுப்பாகவே வந்தால், சுமை இருந்தும் தப்பியிருக்க 128-இல் ஒரு வாய்ப்புத்தான்.

தோட்டத்துக்கூண்டு:

புரிந்தது ஐயா. ஸ்பிளாஷ் மூன்றில் இரண்டு சேவலாகத் தெரிகிறது. கறுப்புப் பெட்டைகளைத் தேடத் தொடங்குகிறேன். குஞ்சுகளுக்குக் கால் வளையம் போட்டு, எந்த அடை, எந்தத் தாய் என்று குறிப்பேட்டில் எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். ஒரு கடைசிக் கேள்வி: கறுப்புக்கும் ஸ்பிளாஷுக்கும் பிறக்கும் சாம்பல் குஞ்சுகள் அனைத்தும் ஒரே அழுத்தமான நிறத்தில் இருக்குமா?

அடைக்கூடை:

இருக்காது. சாம்பலாகப் பிறப்பது வரைதான் அந்த ஒரு மரபணு பொறுப்பு. புறா நிறம் முதல் கரும்பலகை நிறம் வரை எங்கு நிற்கும் என்பதை வேறு மரபணுக்கள் முடிவு செய்கின்றன. கறுப்புப் பெட்டையின் இறகில் பழுப்போ செம்மையோ கசிந்திருந்தால் அந்தக் கசிவு புளூவில் அப்படியே தெரியும், ஏனெனில் புளூ சிவப்பை மறைப்பதில்லை. பெட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது கழுத்து இறகை விலக்கி அடிவரை பாருங்கள். குஞ்சுகளை நிறத்துக்காகத் தரம் பிரிப்பதை முதல் முழு இறகுதிர்வு முடியும் வரை தள்ளிப் போடுங்கள். வெயிலில் வெளுத்த பழைய இறகைப் பார்த்து நல்ல பெட்டை ஒன்றை நான் விற்றிருக்கிறேன், இரண்டு மாதம் கழித்து வாங்கியவர் வீட்டில் அதைப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன்.