மின்நுழைய மாறிலிக்கு ஏன் ஒன்பது எண்கள்?

கிளிநொச்சி மாணவி: உயர்தரத்தில் மின்நுழைய மாறிலியை, அதாவது மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு முனைவாகும் என்பதன் அளவை, ஒற்றை எண்ணாகவே படித்தோம்; சில பளிங்குகளுக்கு ஒன்பது எண்கள் கொண்ட டென்சர் (திசைக்குத் திசை மாறும் பண்பைக் காட்டும் 3×3 எண் அட்டவணை) ஏன் தேவை, சேர்?

முல்லைத்தீவு ஆசிரியர்: முதிரைக் குற்றியை நார்வழியே பிளப்பதும் குறுக்கே பிளப்பதும் ஒன்றல்ல என்பது வன்னியில் எவருக்கும் தெரியும், பிள்ளை. கல்சைற்று எனும் கல்சியங் காபனேற்றுப் பளிங்கிலும், தட்டையான காபனேற்று அயனின் இலத்திரன்கள் தன் தளத்தினுள் எளிதாகவும் அதற்குச் செங்குத்தாகக் குறைவாகவும் இடம்பெயர்வதால், சாய்வாகப் பிரயோகித்த மின்புலத்தின் திசையில் முனைவாக்கம் (ஏற்றங்கள் இடம்பெயர்ந்து பிரிதல்) அமைவதில்லை. அந்த விலகலையே அட்டவணையின் மூலைவிட்டத்துக்கு வெளியேயுள்ள உறுப்புகள் குறிக்கின்றன. டென்சர் சமச்சீரானதால் ஆறு எண்களே சுயாதீனமானவை; புலமும் முனைவாக்கமும் ஒரே திசையில் அமையும் தலைமை அச்சுகளை ஆள்கூற்று அச்சுகளாகத் தெரிவுசெய்தால் மூன்றே எஞ்சும்.

வவுனியா வாசகர்: கல்சைற்றில் அம்மூன்றிலும் இரண்டு சமம். ஒளி எவ்வளவு முறிகிறது எனக் காட்டும் முறிவுச் சுட்டிகளான 1.658, 1.486 ஆகியவற்றை வர்க்கித்தால், ஒளி மீடிறனில் மின்நுழைய மாறிலிகளாக 2.75, 2.21 கிடைக்கும்.

மாணவி: டென்சரைக் கணிக்க, மூலக்கூறுகளின் முனைவாகுதிறனை (புலத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு எளிதில் முனைவாகும் என்பதை) கூட்டினாலே போதுமா?

ஆசிரியர்: போதாது, முனைவான அயல் மூலக்கூறுகளின், அதாவது அயல் இருமுனைவுகளின், புலமும் சேரும்.