ரெஜிபோம் மதில் உருகிப் போச்சு: முல்லைத்தீவுக் கோட்டைக்கு யோசனை வேணும்

குளக்கட்டு (கிளிநொச்சி):
வணக்கம். நானும் மச்சானும் ஞாயிறுகளில் மேசையில் போர் விளையாட்டு விளையாடுகிறோம். பொம்மைகள் 28 மில்லிமீற்றர் உயரம். இவ்வளவு நாளும் பாடப் புத்தகங்களை அடுக்கி இது வீடு, இது மதில் என்று சமாளித்தோம். இந்த முறை 1803 ஆகஸ்டில் வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த சண்டையை ஆட வேண்டும் என்று, கோட்டையும் வெளியே நாலைந்து வீடுகளும் செய்யத் தொடங்கினேன். மீன் வருகிற ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) பெட்டியை வெட்டி மதில் ஒட்டிக் கறுப்பு ஸ்பிரே அடித்தால், அடிக்க அடிக்கவே மூலையெல்லாம் கரைந்து குழி விழுந்து, ஒரு கொத்தளம் முழுக்கப் போச்சு. இரண்டு கிழமை வேலை. மட்டையில் வெட்டின வீட்டுச் சுவர்களும் பெயின்ற் காய்ந்ததும் வில்லு மாதிரி வளைந்துவிட்டன. ஓட்டுக்கூரைக்கும் வழி தெரியவில்லை. இங்கே கிடைக்கிற சாமானில் செய்ய முடியுமா?

சந்திக்கடை (மாங்குளம்):
தம்பி, ஸ்பிரேயில் இருக்கிற கரைப்பான்தான் ரெஜிபோமைத் தின்கிறது. சுப்பர் குளூவும் அப்படித்தான், கிட்டவும் கொண்டு போக வேண்டாம். தச்சர் பாவிக்கிற வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் பெயின்றைக் கலந்து, கொஞ்சம் தண்ணி விட்டு, தூரிகையால் இரண்டு தரம் பூசுங்கள். இடுக்கு, அடிப்பக்கம் ஒன்றும் விடாமல். அது காய்ந்தால் ஒரு தோல் மாதிரி மூடிவிடும், அதற்கு மேலே தண்ணிப் பெயின்ற் என்ன வேண்டுமானாலும் பூசலாம். மீன் பெட்டியின் மணி மணியான முகம் தெரியாமல் இருக்க, அந்தக் கலவையிலேயே அரித்த மணல் ஒரு கரண்டி போட்டால் பழைய சாந்துச் சுவர் மாதிரியே வரும். கடற்கரை மணல் என்றால் உப்புப் போகக் கழுவிக் காய வையுங்கள்.

மட்டை வளைவது ஒரு பக்கம் மட்டும் பூசுவதால். பெயின்ற் காயும்போது அந்தப் பக்கத்தை இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூசி, உள்மூலைகளில் ஐஸ்பழக் குச்சி ஒட்டி விடுங்கள். மாரி தொடங்குவதற்கு முன் இதைச் செய்தால் நல்லது. அப்புறம் வாசல் உயரம் 40 மில்லிமீற்றராவது இருக்கட்டும், பொம்மை அடித்தட்டோடு நிற்கிறது, அதை மறந்தால் ஆள் குனிந்து போகிற வீடாகிவிடும்.

பீலியோடு (வவுனியா):
கூரைக்கு ஒரு விஷயம் முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் காண்கிற தட்டோடு, அதாவது ஆலையில் செய்த தட்டை ஓடு, 1803இல் கிடையாது, மங்களூரில் அதற்கான ஆலை வந்ததே 1865இல்தான். அந்தக் காலத்துக்கு அரைக் குழாய் மாதிரி வளைந்த பீலி ஓடுதான் சரி, அதைச் செய்வதும் லேசு. போன் வருகிற பெட்டி மாதிரி சின்ன நெளி உள்ள மட்டையை எடுத்து, மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து மெல்ல உரியுங்கள். உள்ளே வரி வரியாக நெளி தெரியும். அதை ஒரு சென்றிமீற்றர் பட்டிகளாக வெட்டி, கீழேயிருந்து மேலே ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் பீலி ஓடேதான். பெரிய பெட்டியின் நெளி இந்த அளவுக்கு மிகப் பெரிது. ஊர்வீடுகளுக்குத் தும்புத்தடி மயிரை வெட்டிப் பசையில் அடுக்குங்கள், வேய்ந்த கூரை மாதிரி இருக்கும்.

செம்மண் (ஒட்டுசுட்டான்):
சந்திக்கடை அண்ணை சொன்னதெல்லாம் சரி. நான் நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கறுப்புக்கு மேலே சாம்பல், பிறகு தூரிகையைத் துணியில் துடைத்துக் கிட்டத்தட்டக் காய்ந்த நிலையில் வெள்ளையை மேலாக உரசுங்கள், மேடுகளில் மட்டும் பிடிக்கும். அதோடு நிறுத்தாதீர்கள். மழை பெய்தால் எங்கள் வீட்டு வெள்ளைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்துக் கிடக்கும், கூரைத் தண்ணி விழுகிற நேரே கூடவும் வாசலில் குறைவாகவும். பொம்மை அளவில் அது 9 மில்லிமீற்றர். பழைய பல்தூரிகையில் செம்மண் நிறம் தொட்டு விரலால் சுண்டினால் அச்சு அசலாக வரும்.

இன்னொன்று. இணையத்தில் பார்க்கிற பாடங்களில் பாதி இடிந்த வீடுதான். நாங்கள் 2010இல் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, சுவரும் பாதிதான். அதனால் நான் செய்கிற வீடுகள் எல்லாம் முழு வீடுகள். கூரையைக் கழற்றிப் பொம்மையை உள்ளே வைக்கலாம், திரும்ப மூடலாம். முற்றத்தில் ஒரு கிணறும் வைப்பேன். அம்மா அவற்றை எடுத்து எடுத்துப் பார்ப்பா.

குளக்கட்டு (கிளிநொச்சி):
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே ஒரு துண்டு ரெஜிபோமில் பசைக் கலவையைப் பூசிப் பார்த்தேன், காலையில் தட்டினால் கல் மாதிரி இருக்கிறது. செம்மண், உங்கள் கூரை கழற்றுகிற யோசனையையே எடுக்கிறேன். கூரைக்கு உள்ளே எதை ஒட்டினீர்கள், நழுவாமல் இருக்க? கோட்டை முடிந்ததும் அடுத்தது அதே ஆண்டு ஒக்டோபர் 31, பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் தோற்ற கற்சிலைமடுச் சண்டை. அதற்குத் தும்புக்கூரை வீடுகள் நிறைய வேண்டும்.

செம்மண் (ஒட்டுசுட்டான்):
சுவருக்கு உள்பக்கம் பொருந்துகிற மாதிரி ரெஜிபோம் துண்டு ஒன்றைக் கூரைக்கு அடியில் ஒட்டுங்கள். ஒரு மில்லிமீற்றர் தளர்வு விடுங்கள், பெயின்ற் தடிப்பும் சேரும். கற்சிலைமடுவுக்கு வீடு செய்யும்போது சொல்லுங்கள், பண்டாரவன்னியன் நினைவுக்கல் நிற்கிற இடம் எனக்குக் கிட்டத்தான், சுற்றிவர மண் என்ன நிறம் என்று ஒரு போத்தலில் அள்ளி அனுப்புகிறேன்.