இன்டர்ன்ஷிப்பில் மாணவர்களின் சுயமதிப்பெண் நான்காம் வாரத்தில் இறங்குகிறது: இதை எப்படிப் புரிந்துகொள்வது?

தரமணி ஆசிரியை:

வணக்கம். பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் துறையின் இன்டர்ன்ஷிப் பொறுப்பை இரண்டாண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இம்முறை மூன்றாமாண்டு மாணவர்கள் 46 பேர் அம்பத்தூர், கிண்டி, ஒரகடம் பகுதி நிறுவனங்களுக்கு எட்டு வாரப் பயிற்சிக்குச் சென்றிருக்கிறார்கள். கடைசியில் ஓர் அறிக்கையும் வைவா என்ற வாய்மொழித் தேர்வும் வைத்து முடித்துக்கொள்ளும் வழக்கத்தில் யார் எதைக் கற்றார்கள் என்பது தெரியவே வருவதில்லை. ஆகவே, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கூகுள் படிவம் ஒன்றை அனுப்பி, டிராயிங் வாசித்தல், அளவெடுத்தல், எழுத்துத் தொடர்பு, நேரந்தவறாமை, குழுவாக வேலை செய்தல் ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 5 வரை தமக்குத் தாமே மதிப்பெண் இட்டுக்கொள்ளச் சொன்னேன்.

தொடக்கத்தில் பெரும்பாலோர் 4 இட்டார்கள். நான்காம் வாரத்தில் அதே மாணவர்கள் 3, 2 என்று இறங்கிவிட்டார்கள். நிறுவன வழிகாட்டிகளோ எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் 4 என்றே நிரப்பி அனுப்புகிறார்கள். "தெரிந்திருந்ததையும் அங்கே போய் மறந்துவிட்டார்களா?" என்று துறைத்தலைவர் கேட்கிறார், தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.பி.ஏ. வாரியத்துக்கான கோப்பில் இந்த எண்களை எப்படிக் காட்டுவது என்பது அவருடைய கவலை. படிவத்தைப் பாதியில் மாற்றலாமா என்பது என்னுடைய கவலை. அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அம்பத்தூர் பட்டறை:

வணக்கம் மேடம். வாகன உதிரிபாகத் தொழிற்கூடம் ஒன்றில் பயிற்சி மாணவர்களைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எல்லாருக்கும் 4 இடுகிறவர்களில் நானும் ஒருவன். 2 என்று எழுதினால் கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டுத் தொலைபேசி வரும். 5 என்று எழுத மனம் ஒப்பாது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அதற்குமேல் யோசிக்கவும் முடியாது.

மதிப்பெண் இறங்குவது பற்றி ஓர் உதாரணம். சென்ற ஆண்டு வந்த மாணவர் ஒருவர், கல்லூரி ஆய்வகத்தில் வெர்னியர் என்ற அளவுகருவியைப் பிடித்துப் பழகியவர் என்பதால், அளவெடுக்க நன்றாகத் தெரியும் என்றார். எங்களிடம் 25 மி.மீ. துளை ஒன்று, எச்7 என்ற துல்லிய வகையில் வருகிறது. அதாவது அனுமதிக்கப்படும் வேறுபாடு மொத்தமே 21 மைக்ரான். அவர் கையிலிருந்த வெர்னியரின் மீச்சிற்றளவு (அது காட்டக்கூடிய மிகச்சிறிய அளவு) 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். அந்தக் கருவியால் அந்தத் துளையை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது என்பதும், அதற்குத் துளையின் விட்டத்தை நுட்பமாக அளக்கும் போர் கேஜோ, துளைக்குள் நுழைத்துச் சோதிக்கும் பிளக் கேஜோ வேண்டும் என்பதும் அவருக்கு விளங்க மூன்று நாள் ஆயிற்று. அந்த வாரம் உங்கள் படிவம் வந்திருந்தால் அவர் தமக்கு 2 தான் இட்டிருப்பார். என் கணக்கில் அவர் பொறியாளராகத் தொடங்கியதே அந்த வாரத்தில்தான்.

எங்களிடம் எண் கேட்காமல், அந்த மாணவரை எந்த அளவுக்குத் தனியாக விட்டோம் என்று கேளுங்கள். அருகில் நின்று பார்க்க மட்டும் விட்டோமா, நாங்கள் பக்கத்தில் இருக்கச் செய்தாரா, தனியாகச் செய்து நாங்கள் சரிபார்த்தோமா, சரிபார்க்காமலே பாகத்தை அடுத்த நிலைக்கு அனுப்பினோமா? இந்த நான்கில் ஒன்றைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும், அதில் பொய் சொல்லவும் வழியில்லை.

அடையாறு கல்வியியல்:

மேலே சொல்லப்பட்டதற்கு ஆய்வுலகில் ஒரு பெயரே உண்டு: ரெஸ்பான்ஸ் ஷிஃப்ட். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஹோவர்டு முதலானோர் 1979-இல் இதைப் பற்றி எழுதினார்கள். பயிற்சி ஒருவரின் திறனை மட்டுமன்றி, அத்திறனை அவர் அளக்கும் மனக்கோலையும் மாற்றிவிடுகிறது. முதல் வாரத்து 4-ம் நான்காம் வாரத்து 3-ம் ஒரே கோலால் அளந்தவை அல்ல என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து 'வளர்ச்சி' என்று கோப்பில் எழுதுவது பிழை. அவர்கள் முன்வைத்த மாற்று எளியது: பயிற்சியின் முடிவில், "இன்று உங்கள் நிலை என்ன? இன்றைய அறிவோடு திரும்பிப் பார்த்தால் முதல் வாரத்தில் என்னவாக இருந்தது?" என்று இரண்டையும் ஒருசேரக் கேட்பது. இதற்கும் ஒரு குறை உண்டு. தாம் வளர்ந்ததாகக் காட்டிக்கொள்ளும் ஆசையில் பழைய நிலையை வேண்டுமென்றே தாழ்த்திச் சொல்வோர் இருப்பார்கள். ஆகவே இதைத் தனியாக நம்பாமல், அம்பத்தூர் நண்பர் சொன்ன நான்கு படிகளோடு சேர்த்தே பாருங்கள்.

அவருடன் நான் வேறுபடும் இடம் ஒன்று. தனியாக விடுதல் என்ற அளவு கைவேலைக்குப் பொருந்தும். எழுத்துத் தொடர்புக்குப் பொருந்தாது. அதற்கு முதல் வாரத்தில் எழுதிய மின்னஞ்சல் ஒன்றையும் ஏழாம் வாரத்தில் எழுதியதையும், நிறுவனத்தின் விவரங்களை நீக்கிவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே மேல். படிவத்தைப் பாதியில் மாற்ற வேண்டாம். இருப்பதை அப்படியே விட்டுப் புதிய கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய இன்டர்ன்:

மேடம், சென்ற ஆண்டு பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சி முடித்தவன் நான். இப்படி ஒரு படிவம் எங்களுக்கும் வந்தது. அதற்கு இன்டர்னல் மதிப்பெண் உண்டு என்று சொன்னதால், எல்லாவற்றுக்கும் 4 என்று பேருந்தில் நின்றபடியே நிரப்பி அனுப்பினேன். உண்மையில் முதல் மூன்று வாரங்கள் எனக்கு வேலையே கொடுக்கவில்லை. அதைச் சொல்லப் படிவத்தில் இடமும் இல்லை. இருந்திருந்தாலும், நிறுவனத்துக்கும் அது போகும் என்ற அச்சத்தில் எழுதியிருக்க மாட்டேன். ஒருநாள் எங்கள் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "இந்த வாரம் என்ன செய்தாய்? யாரிடம் காட்டினாய்? அவர் என்ன திருத்தினார்?" என்று கேட்டபோதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். தயவுசெய்து மதிப்பெண்ணை இதிலிருந்து பிரித்துவிடுங்கள்.

தரமணி ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. 46 பேரையும் தொலைபேசியில் அழைத்துத் தலா பத்து நிமிடம் பேசுவதென்றால் 460 நிமிடம். ஆசிரியர்கள் நால்வர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை இது முடியாத காரியமல்ல என்று துறைத்தலைவர் ஒப்புக்கொண்டார். மதிப்பெண் இனி நாட்குறிப்புக்கும் இறுதி வைவாவுக்கும் மட்டுமே. திரும்பிப் பார்க்கும் கேள்வியை எட்டாம் வாரப் படிவத்தில் சேர்த்துவிட்டேன்.

நேற்று மாலை வழிகாட்டிகள் ஐவரை அழைத்து அந்த நான்கு படிகளைக் கேட்டுப் பார்த்தேன். நால்வர் தயங்காமல் விடை சொன்னார்கள். ஐந்தாமவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எங்கள் மாணவர் மூவரும் வந்த நாளிலிருந்து ஸ்டோர்ஸில் சரக்கு எண்ணிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூவருக்கும் அவர் அளவெடுத்தலில் 4 இட்டிருந்தார். அவர்களைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றக் கேட்டு நாளை காலை ஒரகடம் போகிறேன்.