பாத்ரூம் உடைத்துக் கட்ட: காண்ட்ராக்டரை எப்படித் தேர்வு செய்வது?

கேள்வி: மாடி பாத்ரூம், 15 வருடப் பழசு. கீழே சீலிங்கில் கசிவு. இரண்டு பேர் விலை சொல்லியிருக்காங்க. ஒருத்தர் மொத்தத் தொகை மட்டும். எதைப் பார்த்து முடிவு செய்யணும்?

பதில் 1: மொத்தத் தொகையை ஒத்துக்காதீங்க. உடைப்பு, பைப், வாட்டர்ப்ரூஃபிங் (கசிவைத் தடுக்கும் பூச்சு), டைல்ஸ் கூலி எல்லாம் தனித்தனியா எழுதி வாங்குங்க. இடிபாடு அள்ளும் வண்டி வாடகை யார் தலையில்? சண்டை அங்கேதான் வரும்.

பதில் 2: வாட்டர்ப்ரூஃபிங் எத்தனை கோட்னு கேளுங்க. குறைந்தது 2, சுவரில் 1 அடி, ஷவர் பக்கம் 6 அடி ஏறணும். டைல்ஸுக்கு முன் வடிகாலை அடைச்சு 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழே சீலிங்கைப் பாருங்க. கசிவு பெரும்பாலும் பைப் தளத்தைத் துளைக்கும் இடத்தில்தான். "அதெல்லாம் தேவையில்ல சார்" என்பவரை விட்டுடுங்க.

பதில் 3: கடைசி 10% பணத்தை, ஒரு மாதம் புழங்கிய பிறகு கொடுங்க.