ருசி பார்க்காமல் ஒரு பானைப் பொங்கல்

மார்கழி பிறந்தால் எனக்கு அந்த வெங்கலப் பானை ஞாபகம் வந்துவிடும். இந்த வருஷமாவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். ஊட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 16 வருஷம் ஆகிறது. எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் மார்கழி முழுக்க விடியற்காலையில் வெண்பொங்கல் படைத்து, வருகிறவர்களுக்குத் தொன்னையில் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை. குக்கர் கூடாது, வெங்கலப் பானைதான், விறகடுப்புதான். படைக்கும்வரை உப்பு பார்ப்பதற்குக்கூட நாக்கில் வைக்கக் கூடாது. வந்த மூன்றாம் வருஷம் என் முறை வந்தபோது இதெல்லாம் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஊரில் எத்தனை பொங்கல் வைத்திருக்கிறோம்!

காலை 4 மணி. எதிர்வீட்டுத் தகரக் கூரை உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. குடத்துத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகிறது. சீகை விறகைப் பற்றவைத்து, ஊர் வழக்கப்படி அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் களைந்து போட்டுவிட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் வேகிற வழியைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டி விட்டுப் பார்த்தால் அரிசி குழைய ஆரம்பித்திருக்கிறது, பாசிப்பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது. பயந்துபோய் விறகை அள்ளி அள்ளித் திணித்தேன்.

கோயில் வாசல் பெருக்கும் பாட்டி ஒருவர் உண்டு. கேத்திப் பக்கம் கேரட் காட்டில் வேலை பார்த்தவர். அவர்தான் உள்ளே எட்டிப் பார்த்து, "எரிச்சு எரிச்சு என்ன ஆவப் போவுது கண்ணு? இந்த மலையில தண்ணி அவ்வளவுதான் சுடும். நேரந்தான் குடுக்கணும்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரியை எட்டாது, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஆவியாகப் போகுமே தவிர சூடு ஏறாது. பாட்டி பள்ளிக்கூடம் போனவரில்லை. அடுப்பு சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அடுத்த வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து அவரே செய்ய வைத்தார். பருப்பை வாசம் வர வறுத்து, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அதை முதலில் தனியாக வேகவிட்டு, மலர்ந்த பிறகுதான் அரிசி. கீழே ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் என்றால் இங்கே ஆறு. ருசி பார்க்க முடியாது என்பதால் காதைத் தீட்டிக்கொள்ளச் சொன்னார். முதலில் தளதளவென்று சத்தம் வரும். வேக வேக அது கனத்து, கடைசியில் 'புளுக்... புளுக்...' என்று ஒவ்வொரு குமிழியாக உடையும். அப்போது கரண்டியின் முதுகில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். நசுக்கியது பானைக்குத் திரும்பாது. அந்த நேரத்தில் நான் வேறு எதையும் நினைப்பதில்லை. வீட்டில் பூஜையில் உட்கார்ந்தால் மனசு பத்து இடம் போகும் எனக்கு. அந்தப் பானை முன்னால் போகவில்லை.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாலைந்து வருஷத்துக்கு முன்னால், இஞ்சி தட்டிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன். மாமனாருக்கு மூச்சிரைப்பு. பேசிவிட்டு வந்து நெய், மிளகு, சீரகம் எல்லாம் தாளித்துக் கொட்டினேன். உப்பு போடவில்லை. படைத்து, தீபாராதனை காட்டி, 60 பேருக்குக் கொடுத்து முடித்து, கடைசியாக நான் ஒரு வாய் வைத்தபோதுதான் தெரிந்தது. உடம்பு கூசிப்போனது. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாட்டி தொன்னையை வழித்துச் சாப்பிட்டு முடித்திருந்தார். "உப்பே இல்லையே பாட்டி, சொல்லக் கூடாதா?" என்றேன். "சூடா இருந்துச்சு கண்ணு" என்றார்.

உங்களில் யாருக்காவது இப்படி அடுப்படியில் நடந்தது இருந்தால் எழுதுங்கள். மலையில் திறந்த பானையில் சமைப்பவர்கள் இருந்தால் இன்னும் சந்தோஷம்.

கொடைக்கானலிலிருந்து:

அக்கா, கூசிப்போக வேண்டியதே இல்லை. எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். பக்கத்தில் உப்பிலியப்பன் கோயிலில் பெருமாளுக்கு இன்றைக்கும் உப்பில்லாமல்தான் நைவேத்தியம். பூமாதேவி சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது என்று மார்க்கண்டேய மகரிஷி தயங்கினாராம். உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்று சொல்லித்தான் பெருமாள் கல்யாணம் செய்துகொண்டார் என்பது தல வரலாறு. சின்ன வயசில் அந்தப் பிரசாதத்தைக் கை நீட்டி வாங்கித் தின்றவன் நான். இங்கே தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர்களுக்கு 100 பேர் அளவில் பொங்கல் போடலாம் என்று இருக்கிறோம். அளவு சொல்வீர்களா?

குன்னூர் பக்கம் வெலிங்டனிலிருந்து:

என் கணவர் ராணுவத்தில் இருப்பதால் குவார்ட்டர்ஸில் எல்லா மாநிலத்தாரும் அக்கம்பக்கம். ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி தினமும் காலையில் பாசிப்பருப்பும் அரிசியும் போட்டுக் கிச்சடி வைத்து, ஜகந்நாதர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். வெங்காயம், பூண்டு கிடையாது. பூரி கோயில் மடைப்பள்ளியில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகில் சமைப்பதை அவள் சொல்லிக் கேட்க வேண்டும்!

அவள் சொன்ன கர்மாபாய் கதையை என்னால் மறக்க முடியவில்லை. கர்மாபாய் ஒரு வயதான பக்தை. ஜகந்நாதரைத் தன் குழந்தையாகவே நினைத்து, குழந்தைக்குப் பசிக்குமே என்று எழுந்ததும் குளிக்காமல்கூடக் கிச்சடி வைத்துவிடுவாளாம். ஒரு சாது வந்து, குளித்து, அடுப்பு மெழுகி, ஆசாரமாகச் செய் என்றார். மறுநாள் அப்படியே செய்தாள், நேரமாகிவிட்டது. சாமி அங்கே சாப்பிட்டுவிட்டு அவசரமாகக் கோயிலுக்கு ஓட, மத்தியான நைவேத்தியத்துக்குத் திரை விலக்கினால் வாயில் கிச்சடி ஒட்டியிருக்கிறதாம். பிறகு அந்தச் சாதுவே போய், பழையபடியே செய் அம்மா என்றாராம்.

அன்றிலிருந்து என் மகன் காலையில் "பசிக்குதும்மா" என்றால் பூஜை முடியட்டும் என்று நான் சொல்வதில்லை.

மறுபடியும் ஊட்டியிலிருந்து:

கர்மாபாய் கதையை நேற்று ராத்திரி பாட்டிக்குச் சொன்னேன். கும்முட்டி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "பாவம், புள்ள அவ்வளவு நேரம் காத்துட்டிருந்துச்சே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கொடைக்கானல் தம்பிக்கு: நாங்கள் 60 பேருக்குத் தொன்னை அளவில் ஒன்றரைக் கிலோ பச்சரிசி, 600 கிராம் பாசிப்பருப்பு போடுகிறோம். 100 பேருக்கு இரண்டரைக் கிலோவும் ஒரு கிலோவுமாக வையுங்கள். பழைய அரிசி நல்லது. உங்கள் ஊரும் உயரம்தான், அதனால் கீழே செய்வதைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக அடுப்பு மூட்டுங்கள். உப்பைக் கணக்காக ஒரு கிண்ணத்தில் எடுத்து, அடுப்புக்கு எதிரே கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிடுங்கள். கிண்ணம் காலியா என்று பார்த்தால் போதும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பாட்டி பிடித்தால் ஒரு பிடி, எனக்கு ஒன்றரைப் பிடி. உங்கள் கைக்கு எவ்வளவு என்று வீட்டில் ஒரு முறை கொஞ்சமாகச் செய்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.